நாற்பத்திரண்டு மின்னஞ்சல்களும் ஆறு கடிதங்களும்: இளநிலை மாணவி ஒருவர் பேராசிரியரிடம் ஆய்வு வேலை பெற்ற விதம்

நிகழ்வின் பின்னணி

மாணவிக்கு எர்ணாவூரில் வீடு. வட சென்னை அரசுக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. விலங்கியல், இரண்டாம் ஆண்டு. அப்பா மணலிப் பக்கம் கன்டெய்னர் யார்டில் ஒப்பந்தத் தொழிலாளி. தாய்மாமன் எண்ணூர்க் கழிமுகத்தில் இறால் பிடிப்பவர். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்துவிட்டுக் கல்லூரியில் ஆங்கில வழிக்கு மாறியவர். மதிப்பெண் சராசரி 71 விழுக்காடு, அரியர் இல்லை. இந்த மாணவி ஒரே ஆளைக் குறிக்கவில்லை. வட சென்னைக் கல்லூரி மாணவர்கள் பலருக்கு நேர்வதைச் சேர்த்து ஒரே ஆளின் பாதையாக இங்கே எழுதியிருக்கிறது. ஊரும் நிறுவனங்களும் திட்டங்களும் முறைகளும் உள்ளபடியே இருக்கின்றன.

அவர் தேடியது இதுதான்: மூன்றாம் ஆண்டு தொடங்குவதற்குள், பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரின் ஆய்வகத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் வேலை. சம்பளம் எதிர்பார்க்கவில்லை. கிடைக்க ஏழு மாதம் ஆனது. அதில் முதல் மூன்று மாதம் வீண்.

முதல் சுற்று ஏன் தோற்றது

ஜூலை மாத ஞாயிறு ஒன்றின் இரவில், ஒரே கடிதம் 42 பேராசிரியர்களுக்குப் போனது. முகவரிகளைத் துறைகளின் இணையப் பக்கங்களிலிருந்து வரிசையாக எடுத்திருந்தார். 'இன்டர்ன்ஷிப் வேண்டி' என்று தலைப்பு. 'ஆராய்ச்சியில் மிகுந்த ஆர்வம் உள்ளது, தங்கள் மேலான வழிகாட்டுதலில் பணியாற்ற விரும்புகிறேன்' என்று தொடக்கம். இணைப்பாக 6 எம்.பி. அளவில் பயோடேட்டா, கைப்பேசியில் ஸ்கேன் செய்தது, ஒவ்வொரு பக்கத்திலும் செயலியின் முத்திரையோடு.

ஐந்து கடிதங்கள் முகவரி இல்லையென்று திரும்பின. ஒருவர் 'இப்போது இடமில்லை' என்று ஒற்றை வரி எழுதினார். மற்றவர்களிடமிருந்து ஒன்றுமில்லை. அதே வாரம் ஒரு தனியார் பயிற்சி நிலையத்திலிருந்து, பணம் கட்டினால் 15 நாளில் 'ஆய்வு இன்டர்ன்ஷிப்' சான்றிதழ் தருவதாக அழைப்பு வந்தது. வீட்டில் அந்தப் பணத்தைப் புரட்டவும் முயன்றார்கள். நல்லவேளையாகக் கட்டவில்லை. பேராசிரியர் யார், எந்தக் கேள்வி, எந்தத் தரவு என்று மூன்றுக்கும் விடை சொல்லாமல் தொகையை மட்டும் சொல்லும் இடம் ஆய்வகம் கிடையாது. பொதுப்பணத்தில் நடக்கும் ஆய்வகம் ஒரு கருவிக்குப் பயன்பாட்டுக் கட்டணம் கேட்கலாம். அதற்குத் துறையின் பெயரில் ரசீது இருக்கும். மாணவர் வந்து உட்காருவதற்கே தொகை கேட்டால் விலகிவிடுங்கள்.

கடிதம் தோற்றதற்கு ஆங்கிலம் காரணமில்லை, மதிப்பெண்ணும் காரணமில்லை. பெறுபவர் பக்கத்திலிருந்து பார்த்தால் விளங்கும். இளநிலை மாணவரைச் சேர்த்துக்கொண்டால், முதல் இரண்டு மாதம் ஆய்வகத்துக்கு இழப்புத்தான். ஆராய்ச்சி மாணவர் ஒருவர் தன் வேலையை நிறுத்திவிட்டுச் சொல்லிக்கொடுக்க வேண்டும். வேதிப்பொருள் வீணாகும். கருவி உடையலாம். பாதியில் 'செமஸ்டர் வந்துவிட்டது' என்று போய்விடும் மாணவர்களைப் பார்த்துச் சலித்தவர்களும் உண்டு. ஆகவே கடிதத்தைத் திறக்கும்போது அவர் மனத்தில் எழுவது ஒரே கேள்வி: இந்தப் பெண் என் வேலை என்னவென்று தெரிந்துதான் வருகிறாளா? 42 பேருக்கும் பொருந்துகிற கடிதத்தில் இதற்கு விடை இருக்க வழியில்லை. அந்த 42 பேரில் மூவர் ஒரே துறையில் அடுத்தடுத்த அறைக்காரர்கள். தேநீர் நேரத்தில் ஒருவர் சொன்னால் மூவருக்கும் தெரிந்துவிடும்.

பட்டியலிலும் தவறு இருந்தது. ஐவர் மூலக்கூறு உயிரியலார், மூவர் பூச்சியியலார், இருவர் ஓய்வு பெற்றவர்கள். துறைப் பக்கங்கள் பல ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படாமல் கிடப்பது நம் ஊரில் வழக்கம். ஒருவர் இப்போது என்ன செய்கிறார் என்பதைக் கடைசி இரண்டு மூன்று ஆண்டுகளின் கட்டுரைகளில்தான் பார்க்க வேண்டும்.

திருப்பம்: சொந்தக் கல்லூரியின் ஸ்டாஃப் ரூம்

செப்டம்பரில் அவர் தன் துறை ஆசிரியையிடம் போய்ச் சொன்னார்: "மேம், நாப்பத்திரெண்டு பேருக்கு அனுப்பினேன். யாருமே பதில் போடல."

"அந்த நாப்பத்திரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் என்ன வேல பண்றாருன்னு சொல்லும்மா, கேக்கலாம்."

சொல்ல முடியவில்லை.

வட சென்னை மாணவர்கள் அதிகம் தவறவிடும் கதவு இந்த ஸ்டாஃப் ரூம் கதவுதான். அரசுக் கல்லூரிகளிலும் உதவி பெறும் கல்லூரிகளிலும் பாடம் எடுப்பவர்களில் பலர் முனைவர் பட்டம் முடித்தவர்கள். அவர்களுக்கு ஒரு கைடு இருந்திருப்பார். கூடப் படித்தவர்கள் வெவ்வேறு ஆய்வு நிறுவனங்களில் இருப்பார்கள். அறிமுகமில்லாத நூறு கடிதத்தைவிட, 'இந்தப் பெண்ணை எனக்கு மூன்று செமஸ்டராகத் தெரியும், ரெக்கார்டு நோட்டு ஒழுங்காக எழுதுவாள்' என்று பழைய மாணவி ஒருவர் தன் கைடுக்கு அனுப்பும் இரண்டு வரிக்கு மதிப்பு அதிகம். கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. ஆனால் ஆசிரியர் அந்த இரண்டு வரியை எழுத அவர் கையில் ஏதாவது இருக்க வேண்டும். இந்த ஆசிரியை கொடுத்த வேலை அதற்காகத்தான்: மூன்று ஆய்வகத்தைத் தேர்ந்தெடு, ஒவ்வொன்றிலும் இரண்டு கட்டுரை படி, ஒரு மாதம் கழித்து வா.

படித்த முறை

கூகுள் ஸ்காலரில் பேராசிரியர் பெயரைத் தேடி, ஆண்டு வரிசையில் மாற்றிப் பார்த்தார். கட்டுரை பூட்டியிருந்தால் மூன்று வழி உண்டு: 'எல்லாப் பதிப்புகளும்' என்ற இணைப்பில் இலவசப் பிரதி கிடைக்கலாம், கல்லூரிகளுக்கு மின்னிதழ்களைத் தரும் என்-லிஸ்ட் சேவையின் கடவுச்சொல்லைக் கல்லூரி நூலகரிடம் வாங்கலாம், 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் தன் கல்லூரி இருக்கிறதா என்றும் நூலகரிடமே கேட்கலாம்.

எங்கள் கணிப்பில் இதைவிடப் பயன் தரும் இடம் சோத்கங்கா. இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் அங்கே இலவசமாக இருக்கின்றன. கட்டுரையில் அரைப் பக்கத்துக்குள் அடங்கிவிடும் செய்முறை, ஆய்வேட்டில் முப்பது பக்கத்துக்கு விரியும்: எந்தச் சல்லடை, எத்தனை மில்லி, எத்தனை நாள். இளநிலை மாணவர் புரிந்துகொள்ளக் கூடிய நடை அதுதான். நன்றியுரைப் பக்கத்தையும் விடக் கூடாது. அந்த ஆய்வகத்தில் யார் யாருக்கு உதவினார்கள், எந்த நிதி வந்தது, இளநிலை மாணவர்கள் பெயர் சொல்லி நன்றி பெற்றிருக்கிறார்களா என்பதெல்லாம் அங்கே தெரியும். ஒரே கைடின் கீழ் வந்த மூன்று ஆய்வேட்டின் நன்றியுரைகளை அடுத்தடுத்து வாசித்தால் அந்த ஆய்வகத்தின் சுபாவம் பிடிபட்டுவிடும்.

வாசிக்கும் வரிசை: முதலில் படங்களும் அட்டவணைகளும், பிறகு செய்முறை, பிறகு சுருக்கம். முன்னுரை கடைசியில். ஒவ்வொரு கட்டுரைக்கும் நோட்டில் நான்கு வரி: என்ன கேட்டார்கள், என்ன அளந்தார்கள், என்ன கிடைத்தது, எனக்கு எது புரியவில்லை. நான்காவது வரியிலிருந்துதான் கடிதம் பிறக்கும்.

கையில் இருந்த பொருள்: காக்கா ஆழி

அவர் தேர்ந்தெடுத்த மூன்று ஆய்வகங்களில் ஒன்று கழிமுக அடித்தரை உயிரிகளைப் பற்றியது. வண்டலுக்குள் வாழும் புழு, மட்டி, சிறு ஓட்டுயிரிகள் பற்றிய வேலை. கட்டுரையைப் படிக்கும்போது, மாமா வீட்டில் புலம்புவது நினைவுக்கு வந்தது.

"இந்த ஓடு ஏறுன எடத்துல எறா நிக்காது, பாரும்மா. எறாவுக்கு மண்ணுக்குள்ள பொதையணும். இது கல்லு மாதிரி மேல மூடிக்குது."

அவர் 'காக்கா ஆழி' என்று சொன்னது மைட்டெல்லா ஸ்ட்ரைகாட்டா என்ற கருநிற மட்டி. தென், மத்திய அமெரிக்கக் கரைகள் இதன் தாயகம். கப்பல்களின் அடிப்பாகத்தில் ஒட்டியோ, கப்பல் சாயாமல் மிதக்க உள்ளே ஏற்றும் நிலைநீரிலோ வந்திருக்கக் கூடும் என்று கருதப்படுகிறது. எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் திட்டுத்திட்டாகப் பரவி, நார்களால் ஒன்றோடொன்று பிணைந்து, தரையைப் பாய் விரித்ததுபோல் மூடுகிறது. அனல்மின் நிலையச் சாம்பலும், 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்தருகே கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெயும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெயும் ஏற்கெனவே பட்ட கழிமுகம் அது.

அடையாற்றங்கரையில் இருக்கும் ஆய்வகத்துக்கு எண்ணூரில் மாதிரி எடுக்க வேண்டுமென்றால் வண்டி, படகு, ஆள், ஒரு முழு நாள் வேண்டும். இந்தப் பெண்ணுக்கோ படகும் மாமாவும் நீரோட்டம் தெரிந்த கண்ணும் பக்கத்திலேயே இருந்தன. பயோடேட்டாவில் இது எதுவும் இல்லை. 'நான் எண்ணூர்க்காரி' என்பது தகுதிப் பட்டியலில் வரும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. காசிமேட்டு ஏலக்கூடத்துக்கு விடியலில் நடந்தே போகக் கூடிய விலங்கியல் மாணவருக்கும், மணலியில் வீட்டுச் சுவரில் படியும் தூசியை நாள்தோறும் பார்க்கும் வேதியியல் மாணவருக்கும், ஸ்டான்லி மருத்துவமனை வாசலில் வளர்ந்த நுண்ணுயிரியல் மாணவருக்கும் இது பொருந்தும்.

ஒரு பக்க முன்னோட்டம்

ஆசிரியை சொன்ன யோசனை: கடிதத்தோடு சொந்தமாக அளந்த ஒரு பக்கம் போகட்டும். இதற்கு ஆய்வகம் வேண்டாம். அரை அங்குல பி.வி.சி. குழாய், நான்கு எல்போ, ஒரு ஹாக்ஸா பிளேடு, 30 மீட்டர் நைலான் கயிறு, கல்லூரியிலிருந்து எழுதிக் கொடுத்து வாங்கிய வெர்னியர் அளவி, உப்புத்தன்மை பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர்.

தரையில் வைத்து உள்ளே இருப்பதை எண்ணுவதற்கான 25 செ.மீ. சதுரச் சட்டம் செய்வதில் எல்லோரும் செய்யும் தவறை இவரும் செய்தார். குழாயை 25 செ.மீ.க்கு அறுத்து எல்போ மாட்டியதும் உள்ளளவு 27 செ.மீ. வந்தது. இரண்டு செ.மீ.தானே என்று விட்டுவிட்டார். பரப்பைக் கணக்கிட்டால் 625 சதுர செ.மீ.க்குப் பதிலாக 729. ஏறத்தாழ 17 விழுக்காடு கூடுதல். சதுர மீட்டருக்கு மாற்ற எண்ணிக்கையை 16-ஆல் பெருக்கும்போது இந்தப் பிழையும் சேர்ந்து வீங்கும். எல்போவை மாட்டிப் பார்த்து, உள்விளிம்பை அளந்து, பிறகு குழாயை அறுக்க வேண்டும்.

ஓதம், அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் நேரம், பார்த்துப் போக வேண்டும். இந்திய நில அளவைத் துறை ஓத அட்டவணை வெளியிடுகிறது. கடல் தகவல் மையமான இன்காய்ஸின் தளத்திலும் கணிப்பு கிடைக்கும். சென்னைக் கரையில் ஓத ஏற்றத்தாழ்வு அதிகமில்லை. ஆகவே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களின் தாழ்நீர் நேரமே வசதி. முகத்துவாரம் மணல்மேடிட்டிருந்தால் அட்டவணை நேரத்துக்கும் உள்ளே நீர் வடியும் நேரத்துக்கும் இடைவெளி இருக்கும். இதை மாமா போன்றவர்களிடம்தான் கேட்க வேண்டும். தனியாக இறங்கக் கூடாது; சாம்பல் படிந்த சேற்றில் முழங்கால் வரை புதையும், ஆழி ஓடு பாதத்தைக் கிழிக்கும். ரப்பர் பூட்ஸ், கையுறை, கரையில் ஒரு ஆள், வீட்டுக்கு வந்ததும் சோப்பு.

மூன்று இடம், இடத்துக்குப் பத்து சட்டம். சட்டத்துக்குள் உயிருள்ள ஆழி எத்தனை, அவற்றில் இருபதின் ஓட்டு நீளம், உப்புத்தன்மை, நேரம். இரண்டு சனிக்கிழமையில் முடிந்தது. ஒரு பக்கத்தில் ஒரு அட்டவணை, ஒரு படம், நான்கு வரி. மீனவர்கள் சொன்னதைப் பேட்டியாகத் தொகுத்துச் சேர்க்க நினைத்தார்; ஆசிரியை தடுத்தார். மனிதர்களிடம் தகவல் திரட்டி ஆய்வாக எழுதுவதற்கு நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் முன்கூட்டியே வேண்டும். பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால் அந்தத் தரவு முழுவதும் பயனில்லாமல் போகும்.

கடிதம்

இம்முறை ஆறு பேருக்கு, ஆறு தனித்தனிக் கடிதம். ஆங்கிலத்தில் போனவற்றில் ஒன்றின் சாரம் இது:

"பொருள்: எண்ணூர்க் கழிமுகத்தில் காக்கா ஆழி – தங்கள் மாதிரி எடுப்பு முறை பற்றி ஒரு கேள்வி.

மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு, வணக்கம். நான் வட சென்னையில் பி.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கழிமுக அடித்தரை உயிரிகள் பற்றிய தங்கள் கட்டுரையையும், தங்கள் மாணவரின் ஆய்வேட்டில் செய்முறை அத்தியாயத்தையும் படித்தேன். திறந்த வண்டலில் மாதிரி எடுப்பதை அதில் விளக்கியிருக்கிறீர்கள். எங்கள் ஊர்க் கழிமுகத்தில் ஆழித் திட்டு வண்டலை மூடியிருக்கிறது. ஓடுகளுக்கு இடையில் தங்கும் வண்டலையும் அடித்தரை மாதிரியில் சேர்க்க வேண்டுமா, தனியாகப் பிரிக்க வேண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று இடங்களில் நான் எண்ணியதை ஒரு பக்கமாக இணைத்திருக்கிறேன். தங்கள் ஆய்வகத்தில் மாதிரி பிரிக்கும் வேலையைக் கற்றுக்கொள்ள விரும்புகிறேன். வியாழன் பிற்பகலும் சனி முழுவதும், ஏப்ரல் செமஸ்டர் தேர்வு வரை, வர முடியும். இருபது நிமிடம் நேரில் பார்க்க அனுமதி கிடைக்குமா?"

கீழே பெயர், கல்லூரி, ஆண்டு, கைப்பேசி எண், ஆசிரியையின் பெயர். இணைப்பு ஒரே ஒரு பி.டி.எஃப்., 300 கே.பி.க்குள், கோப்பின் பெயரில் மாணவியின் பெயர். மின்னஞ்சல் முகவரியும் புதிது. பள்ளி நாளில் தொடங்கிய செல்லப்பெயர் முகவரி இதற்கு உதவாது. மதிப்பெண் பட்டியலைக் கேட்டால் அனுப்பலாம்.

கடிதத்தில் கவனிக்க வேண்டியது அந்தக் கேள்வி. படித்தவரால் மட்டுமே கேட்க முடிந்த கேள்வி அது. பேராசிரியருக்கும் அதன் விடையில் அக்கறை உண்டு. 'தங்கள் கட்டுரை மிகவும் பயனுள்ளதாக இருந்தது' என்ற வாக்கியத்தை யாரும் எழுதிவிடலாம். நாள் கணக்கும் முக்கியம். 'எப்போது வேண்டுமானாலும் வருவேன்' என்பவர் இரண்டாம் மாதம் வருவதில்லை என்பது ஆய்வகங்களின் அனுபவம்.

அனுப்பியது செவ்வாய்க் காலை பத்து மணிக்கு. ஜூன், ஜூலையில் சேர்க்கை, நவம்பரிலும் ஏப்ரலிலும் விடைத்தாள் திருத்தம், இடையில் தர மதிப்பீட்டுக்கான நாக் குழு வருகை. இந்த நாட்களில் நல்ல கடிதமும் அடியில் போய்விடும். ஒன்பது நாள் கழித்து, அதே கடிதத்துக்கு மறுமொழியாக இரண்டு வரி நினைவூட்டல். ஒரு முறைதான். அதற்குப் பிறகும் பதில் வராதவர்களில் இருவரை, ஆசிரியையின் கடிதத்தோடு நேரில் பார்க்கப் போனார். நம் ஊரில் நேரில் போவது தவறாக எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. துறை அலுவலகத்தில் அட்டெண்டரிடம் கேட்டால் பேராசிரியர் வகுப்பு இல்லாத நேரம் தெரியும். கல்லூரி அடையாள அட்டை இல்லாமல் வாயிற்காவலர் விடமாட்டார்.

ஆறில் மூவர் பதில் எழுதினர். ஒருவர் நேரடியாக மறுத்தார். இன்னொருவர் தன்னிடம் இடமில்லை என்று சொல்லி, தன் பழைய மாணவர் இருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்துக்கு வழிகாட்டினார். சாந்தோம் நெடுஞ்சாலையில் இருக்கிறது. மூன்றாமவர் எழுதியது ஒரே வரி: 'வெள்ளிக்கிழமை 3 மணிக்கு வரவும், களக் குறிப்பேட்டோடு.'

இருபது நிமிடம்

அறையில் மதிப்பெண் பற்றிய பேச்சே வரவில்லை. பேராசிரியர் ஒரு பக்க அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "முப்பது சட்டத்துலயும் ஆழி இருக்கே. ஒண்ணுகூடக் காலியா இல்லையா?"

"இல்லாத எடத்துல சட்டம் வைக்கல, சார்."

இது பெரிய தவறு. அடர்ந்த இடங்களில் மட்டும் சட்டம் வைத்தால் சராசரி உண்மைக்கு மேலே போகும். கழிமுகம் முழுக்க ஆழி என்று தாளில் தெரியும். சுழியும் ஒரு அளவீடுதான். கயிற்றை விரித்து, 0 முதல் 30 மீட்டருக்குள் சீட்டுக் குலுக்கி எடுத்த எண்களில் சட்டம் வைக்க வேண்டும். விழுந்த இடத்தில் ஒன்றுமில்லாவிட்டால் 0 என்று எழுத வேண்டும். சட்டத்தின் உள்ளளவையும் அவர் கேட்டார். 27 செ.மீ. என்பதை மாணவி தானே சொன்னார்.

தவறு இரண்டு இருந்தும் இடம் கிடைத்தது. மறைக்காமல் சொன்னதும், குறிப்பேட்டில் நேரம், நீர்மட்டம், யார் எண்ணினார் என்பதெல்லாம் களத்திலேயே எழுதப்பட்டிருந்ததும் காரணம். முன்னோட்டப் பக்கம் குறையில்லாமல் இருக்க வேண்டியதில்லை. பேராசிரியர் திருத்திக் கொடுக்க ஏதாவது அதில் இருந்தால், உரையாடல் அங்கிருந்தே தொடங்கிவிடுகிறது.

சேர்வதற்கு முன் தாள்கள்: கல்லூரி முதல்வரின் அனுமதிக் கடிதம், போனஃபைடு சான்றிதழ், துறைத் தலைவர் கையெழுத்து. இவற்றுக்கு இரண்டு வாரம் ஒதுக்க வேண்டும். வாய்மொழியாக ஒப்புக்கொண்ட அன்றே விண்ணப்பிக்க வேண்டும். தாமதமானால் ஆர்வம் குறைந்துவிட்டதென்று அங்கே நினைத்துக்கொள்வார்கள்.

நான்கு வாரச் சோதனை

பேராசிரியர் நான்கு வாரம் பார்க்கலாம் என்றார். அன்றாட வேலை முழுவதும் அங்குள்ள ஆராய்ச்சி மாணவி, 'ஸ்காலர் அக்கா' ஒருவரோடுதான். இளநிலை மாணவர்கள் இதை எதிர்பார்த்தே போக வேண்டும். கைடைப் பார்ப்பது பதினைந்து நாளுக்கு ஒரு முறை இருக்கலாம்.

வேலை இது: களத்திலிருந்து வந்த வண்டலை 0.5 மி.மீ. சல்லடையில் அலசி, ஃபார்மலினில் நிலைப்படுத்தி, ரோஸ் பெங்கால் சாயம் இட்டு, இளஞ்சிவப்பாகச் சாயமேறிய உயிரிகளை இடுக்கியால் பிரித்தெடுப்பது. ஒரு மாதிரிக்கு நான்கைந்து மணி நேரம் ஆகும். கழுத்து வலிக்கும். ஃபார்மலின் ஆவி கண்ணையும் தொண்டையையும் அரிக்கும். ஆவிபோக்கி அலமாரிக்குள் வைத்து, நைட்ரைல் கையுறை போட்டு, மாதிரியை நீரில் நன்றாகக் கழுவிய பிறகே மேசைக்கு எடுக்க வேண்டும். 'கொஞ்சம்தானே' என்று திறந்த அறையில் ஊற்றச் சொல்லும் ஆய்வகத்தில் முதல் நாளே கேள்வி எழுப்பலாம், எழுப்ப வேண்டும்.

இரண்டாம் வாரம் பிழை நேர்ந்தது. நான்கு புட்டிகளுக்கு பால்பாயின்ட் பேனாவால் சீட்டு எழுதி உள்ளே போட்டிருந்தார். மறுவாரம் இரண்டில் மை கரைந்து எழுத்து அழிந்திருந்தது. புட்டியின் வெளியே மார்க்கரால் எழுதியதும் ஆல்கஹால் பட்டுப் போயிற்று. எந்தப் புட்டி எந்த இடத்தினது என்று தெரியாவிட்டால் ஒரு நாள் களப்பணி போனதுதான். அன்றே ஸ்காலர் அக்காவிடம் சொன்னார். களக் குறிப்பேட்டில் புட்டியின் அளவும் மூடியின் நிறமும் இருந்ததால் ஒன்று மீண்டது. மற்றதைத் தரவிலிருந்து நீக்கினார்கள். தடித்த டிரேசிங் தாளில் பென்சிலால் எழுதி உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்பது பழைய வழக்கம். பென்சில் கரி எந்த நிலைப்படுத்தும் திரவத்திலும் கரையாது.

எக்செல் பிழைகளும் உண்டு. 3-4 என்ற அளவு வகுப்பைத் தட்டினால் தேதியாக மாறிவிடும். செல்களை ஒன்றாக இணைத்து அழகாகத் தலைப்பு போட்டால் பகுப்பாய்வு மென்பொருள் படிக்காது. ஒரு வரிசைக்கு ஒரு மாதிரி, ஒரு நெடுவரிசைக்கு ஒரு அளவு, காலிக்கு காலி, சுழிக்கு 0.

பயணமும் பணமும்

விம்கோ நகரிலிருந்து மெட்ரோவின் நீலத்தடம், ஆய்வகத்துக்கு இறங்க வேண்டிய கிண்டிக்கு நேராகப் போகிறது. வண்ணாரப்பேட்டையோடு நின்றிருந்த தடம் 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீண்டது. ஒரு பயணத்தின் உச்சக் கட்டணம் 50 ரூபாய். வாரம் இரண்டு நாள் போய்வந்தால் அதிகபட்சம் 200, மாதம் 800 ரூபாய். அரசுப் பள்ளியில் படித்துவந்த மாணவிக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது; அதன் பெரும்பகுதி இதிலேயே போய்விடும். புறநகர் ரயிலில் கடற்கரை நிலையம் வந்து தாம்பரம் வண்டி மாறினால் மாணவர் சீசன் டிக்கெட்டில் செலவு பல மடங்கு குறையும். சாதாரணப் பேருந்தில் மகளிருக்குக் கட்டணமே இல்லை, ஆனால் ஏறி இறங்கி மாறி இரண்டு மணி நேரத்துக்கு மேல். இவர் போகும்போது மெட்ரோ, திரும்பும்போது ரயில் என்று வைத்துக்கொண்டார். மாலை ஐந்துக்குக் கிளம்பிவிடுவதாக முதல் சந்திப்பிலேயே சொல்லியிருந்தார். இதைச் சொல்லத் தயங்க வேண்டாம். எந்த நிறுவனத்திலும், பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவின் உறுப்பினர் பட்டியல் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். சேர்ந்த அன்றே பார்த்துவைத்துக்கொள்வது நல்லது.

தூரம் முடியாதவர்களுக்கு வடக்கிலேயே இடம் உண்டு. மாதவரம் பால் பண்ணைப் பகுதியில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம், பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி, ராயபுரத்தில் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி. இவற்றின் பேராசிரியர்களுக்குப் பிற கல்லூரி மாணவர்களிடமிருந்து கடிதம் குறைவாகவே போகிறது; ஐ.ஐ.டி.க்கும் அண்ணா பல்கலைக்கழகத்துக்கும்தான் எல்லோரும் முதலில் எழுதுகிறார்கள்.

உதவித்தொகையோடு வரும் வழிகள் வேறு. மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித் திட்டத்தில் இரண்டு மாதம் ஒரு பேராசிரியரோடு வேலை செய்யலாம். அதற்கு ஆண்டின் பிற்பகுதியில் விண்ணப்பம் கேட்பார்கள், ஆசிரியர் பரிந்துரை வேண்டும். மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை பெறுபவருக்கு ஆண்டுக்குத் தரும் 80,000 ரூபாயில் 20,000 கோடை ஆய்வுக்கென்றே ஒதுக்கியது. எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். மாணவர்களுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றமான ஐ.சி.எம்.ஆரின் குறுகிய கால ஆய்வு உதவி இருக்கிறது. தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றத்தின் மாணவர் திட்டத்துக்குச் சொந்தக் கல்லூரி ஆசிரியர் வழிகாட்டியாகக் கையெழுத்திட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கடைசி நாள் ஆண்டுதோறும் மாறும். அந்த ஆண்டின் அறிவிப்பை மட்டும் நம்புங்கள். இவற்றில் எதற்கும் 'ஏற்கெனவே என்ன செய்திருக்கிறாய்' என்ற பத்தி எழுத வேண்டியிருக்கும். அந்தப் பத்தியை நிரப்புவது இப்படிச் சம்பளமில்லாமல் பிரித்த புட்டிகள்தான்.

பெயர் எங்கே வரும்

சோதனை முடிந்து, ஆறாம் செமஸ்டர் புராஜெக்டும் அங்கேயே என்று முடிவானது. மாணவியின் கல்லூரி ஆசிரியை உள்வழிகாட்டி, பேராசிரியர் வெளிவழிகாட்டி. கட்டுரையில் பெயர் வருமா என்று மாணவர்கள் கேட்கக் கூச்சப்பட்டு, பிறகு மனம் கசந்து வெளியேறுவதைக் காண்கிறோம். தொடக்கத்திலேயே கேட்கலாம்: "சார், இந்தத் தரவு கட்டுரையா வந்தா என் பங்கு எப்படிக் குறிக்கப்படும்?" மாதிரி பிரித்துக் கொடுத்ததற்கு வழக்கமாக நன்றியுரையில் பெயர் வரும். கேள்வியை வடிவமைத்தது, பகுப்பாய்ந்தது, எழுதியது, முழுக் கட்டுரைக்கும் பொறுப்பேற்றது என்று சேரும்போது ஆசிரியர் வரிசைக்கு வரலாம். இரண்டுக்கும் நடுவே சண்டை வராமலிருக்க, செய்ததை நாள்வாரியாக எழுதிவைத்த நோட்டு ஒன்றே போதும்.

இதற்கிடையில் 'மூன்று நாளில் பிரசுரம்' என்று பணம் கேட்கும் இதழ்களின் அழைப்பு வாட்ஸாப்பில் வரும். முன்னோட்டப் பக்கத்தை அதில் போட்டிருந்தால், காலிச் சட்டமே இல்லாத அந்த முப்பது எண்களும் இந்தப் பெண்ணின் பெயரில் நிரந்தரமாக இணையத்தில் கிடந்திருக்கும்.

இன்டர்னல் தேர்வு வந்த வாரங்களில் இரண்டு முறை போக முடியவில்லை. முதல் முறை சொல்லாமல் நின்றார். ஸ்காலர் அக்கா நிலைப்படுத்தாத மாதிரியோடு காத்திருந்து, அது கெட்டது. அடுத்த முறைக்குள் கல்லூரியின் தேர்வு அட்டவணையை ஆய்வகச் சுவரில் ஒட்டிவிட்டார்.

ஜனவரித் தாழ்நீரில் மீண்டும் எண்ணூர். புதிதாக அறுத்த சட்டம், உள்ளளவு சரியாக 25. கயிறு விரித்து, மாமா கையால் சீட்டு எடுத்தார்கள். முதல் சட்டம் வெறும் சேற்றில் விழுந்தது. "இதுல ஒண்ணுமில்லயே, தள்ளி வைம்மா" என்றார் மாமா. தள்ளி வைக்காமல், பென்சிலால் 0 என்று எழுதிக்கொண்டு அடுத்த எண்ணுக்கு நகர்ந்தார்.